பி.காம். அக்காவும் என் பிசிக்ஸும்

இன்ஜினியரிங் முடித்துவிட்டு எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரே வருஷம் டைம். என்ட்ரன்ஸ்ல சீட் கெடைக்கலைன்னா ஒரகடத்துல கம்பெனி வேலை. அப்புறம் எதுவும் பேசக் கூடாது."

ஒரு வருஷமே அதிகம் என்று நினைத்தேன். திமிர். காலேஜில் பழகிய வழி அப்படி: டெரிவேஷனை உருப்போடு, பென்சிலில் படம் போடு, கடைசி வரியைச் சுற்றிக் கட்டம் கட்டு, பதினாறு மார்க் விழும்.

அக்கா பி.காம். நுங்கம்பாக்கத்தில் ஆபீஸ். நான் லைப்ரரிக்குப் போக அவளோடு தாம்பரத்தில் ரயில் ஏறுவேன். ஒருநாள் பெண்டுலம் டெரிவேஷனை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவள் மேலே ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியைக் காட்டினாள்.

"இது கொஞ்சம் பெருசா ஆடினாலும் அதே நேரம்தான் ஆகும்ங்கிற. தூரம் ஜாஸ்தியாச்சே, எப்படிடா?"

"ஃபார்முலால அது வராதுக்கா."

"ஃபார்முலாவையா கேட்டேன்? ஏன்னு கேட்டேன்."

குரோம்பேட்டை போனது, பல்லாவரம் போனது. நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அண்ணன் ஒருவர், "இன்னாபா, சவுண்டே காணோம்? அக்கா கேட்டுக்கினு கீதுல்ல, சொல்லு" என்றார். பெட்டியே சிரித்தது.

கடுப்பில் அதையே போட்டு உருட்டியதில் ஒருவழியாகப் பிடிபட்டது. அதிகம் விலகினால் இழுப்பும் அதிகம், வேகமும் அதிகம். கூடுதல் தூரத்தை அந்த வேகம் சரிக்கட்டிவிடுகிறது. ரொம்ப ஓவராக ஆடாதவரை. சொன்னேன்.

"ம், இப்ப புரியுது" என்றாள் அக்கா. எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது.

அதன்பிறகு அதுவே படிப்பு முறை. மேட்ரிக்ஸோ, மேக்ஸ்வெல்லோ, ரயிலில் அவளுக்கு விளங்கவில்லையென்றால் நான் திரும்பப் படிக்க வேண்டும். லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்து சுகமாகத் தூங்கிக்கொண்டு போக வேண்டியவள், பொதுப் பெட்டியில் இடிபட்டு நின்றுகொண்டே என்னிடம் கேள்வி கேட்டாள். எந்த கோச்சிங் சென்டரில் இது கிடைக்கும்?

ரிசல்ட்டை பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். சீட் கிடைத்துவிட்டது. உடனே அவள் ஆபீஸுக்கு போன் போட்டேன்.

"அப்பாகிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா சண்டை மாதிரி இருக்கும்."

சாயங்காலம் அவள்தான் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்து, "சரி, அங்க போய் அப்படி என்னதான்டா படிப்ப? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்போம்" என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொல்றேம்பா. இவன் சுத்தி வளைப்பான்."