ஒன்பதாம் நாள் வந்த பெயர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். என் மகள் தலையில் கைவைத்துச் சொல்கிறேன், இது நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில்.

எங்கள் தீமோர் தீவு மலையில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வட்டக் குடிசையை விட்டு வெளியே வரக் கூடாது. ஜன்னல் கிடையாது. குனிந்து நுழைகிற ஒரே கதவு. உள்ளே அணையாத நெருப்பு, கண்ணைக் கரிக்கும் புகை. தலைக்கு மேல் பரணில் மக்காச்சோளம். நடுப்பகலிலும் இருட்டுதான்.

அன்று ஒன்பதாம் நாள். விடிந்ததிலிருந்து குழந்தை பால் குடிக்கவில்லை. வீறிட்டு அழுதாள். பசியிருந்தும் பாலை ஒதுக்குகிற பிள்ளை, தன் பெயரைக் கேட்கிறது என்போம். செத்துப்போன முன்னோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எந்தப் பெயருக்கு அழுகை நிற்கிறதோ, அதைத் தாய் மூன்று முறை சொல்லிவிட்டால் முடிந்தது. அப்புறம் மாற்ற முடியாது.

என் கணவரின் அக்கா ஓர்பா பதினான்கு பெயர் சொல்லிப் பார்த்தார். அழுகை ஏறியதே தவிர இறங்கவில்லை.

"அப்பன மாதிரியே பிடிவாதம் புடிச்ச கழுத! எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீந்துபோச்சு. சனாம் பெரியப்பாவக் கூட்டிட்டு வரேன். நெருப்ப மட்டும் அணைய விட்றாத."

"சீக்கிரம் வாங்க மதினி. இவளுக்குத் தொண்டையே கம்மிப்போச்சு."

மணி ஒன்றே முக்கால். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

சரியாக இரண்டு பத்து. வெளியே ஒரு பெண் குரல்.

"பி சாயோ…"

பெண்கள் பெயருக்கு முன்னால் நாங்கள் 'பி' போடுவோம். மதினிதான் புதுப் பெயர்களோடு திரும்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"பி எனா…"

அழுகை தணிந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

ஆனால்… குரல் இப்போது வெளியே இல்லை. பரணில் இருந்தது. சோளமணிகள் நெருப்பில் விழுந்தன. டப்… டப்… என்று பொரிந்தன.

"யாரு?"

எழப் பார்த்தேன். கால் அசையவில்லை.

"பி கோலோ…"

என் காதருகே.

அழுகை நின்றது.

பிள்ளை பிழைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. பாவி நான், மூன்று முறை சொல்லிவிட்டேன்.

மார்பில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சப்… சப்…

காற்றைச் சப்பினாள்.

கடைவாயில் பால் வழிந்தது.

இரண்டு நாற்பதுக்கு மதினியும் பெரியப்பாவும் வந்தார்கள். மதினி அதுவரை இந்தப் பக்கமே வரவில்லையாம். பெயரைக் கேட்டதும் பெரியப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பேர யாரும்மா உனக்குச் சொன்னா? நாங்க வாயால சொல்லாத பேரு. இதே வீட்ல பிள்ளை செத்து, பால் கட்டி, காய்ச்சல்ல போனவ அவ."

"மாத்திடுங்க பெரியப்பா! உங்க கால்ல விழறேன்!"

"நீயே மூணு தடவ சொல்லிட்டியே… நான் என்னத்தப் பண்ண?"

அழுதேன், கெஞ்சினேன். மகள் என் பாலைத் தொடவே இல்லை. பவுடர் பாலையும் துப்பினாள். நாற்பத்தோராம் நாள் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எடை ஐந்தரைக் கிலோ.

நர்ஸ் சிரித்தாள். "என்னத்தம்மா சாப்பிடுற? தாய்ப்பால் நல்லா ஊறுது போல!"

எனக்குப் பால் வற்றி இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது.