பக்கத்து சீட்டில் ஒரு கை

அந்த ஷெட்டின் வாசலில் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. யாரும் அதைப் படித்ததில்லை. "காது இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வண்டிக்காரர்கள் உள்ளே நுழைவார்கள். மெக்கானிக்கின் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே ஒரு நிமிஷம் தலையைச் சொறிவார்.

பெயர் வந்தது முப்பது வருஷத்துக்கு முன்னால். ஒரு வாடகைக் கார் தெருமுனையில் திரும்பும்போதே, இன்னொரு வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பின் சக்கரம், வலது பக்கம், பேரிங் போச்சு" என்றார். கழற்றிப் பார்த்தால் போயிருந்தது. அன்றிலிருந்து அவர் காது. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருக்கிறார். அதன் நுனியை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே எது தட்டுகிறது, எது தள்ளாடுகிறது என்று சொல்லிவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர்தான். ஆனால் கெட்டிக்காரர் என்பது அவருக்கும் தெரியும். வம்பே அங்கேதான்.

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பாடம் நடத்துவார். "சத்தம் வருதுன்னு மொட்டையா வந்து நிக்காதீங்க. காலைல முதல் ஸ்டார்ட்லயா, சூடானப்புறமா? நேரா போறப்பவா, திருப்பறப்பவா? எவ்வளவு வேகத்துல? பிரேக்ல கால வெச்சா கூடுதா, நிக்குதா? இதைக் கவனிச்சுட்டு வாங்க, பாதி வேலை முடிஞ்சுது." சத்தத்துக்குப் பயந்து ரேடியோவைக் கூட்டி வைக்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "வயித்துவலி வந்தா பாட்டு கேட்டுட்டுப் படுத்துப்பீங்களா?" என்பார்.

அந்தப் பாடத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே ஆள் டிரைவிங் டீச்சர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்மணி. நாற்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார். அவருடைய சின்னக் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பயந்து ஒரு மிதி மிதித்தால் அவர் ஒரு மிதி மிதிப்பார். நாள் முழுக்க இப்படி மிதிபட்டே பிழைக்கிற வண்டி அது.

அன்று காலை பத்து மணிக்கு டீச்சர் வந்தார். நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். "எல்லாம் எழுதியிருக்கேன் அண்ணா. மூணு நாளா ஒரு சத்தம். கீச்சுன்னு, ஊசி மாதிரி."

காது தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தாள் எதுக்கு டீச்சர்? ஏறி உக்காருங்க."

ஷெட்டை ஒட்டி ஒரு கிடங்கின் மதில் நீளமாகப் போகிறது. சத்தம் பிடிப்பதற்கு அவர் வண்டியை எப்போதும் அங்கேதான் கொண்டுபோவார். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஃபேனை அணைத்து, மதிலோரமாக மெதுவாக உருட்டினால் சக்கரத்துச் சத்தமெல்லாம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அன்றும் அப்படித்தான் ஓட்டினார். இன்ஜின் சுத்தமாக இருந்தது. டயருக்கடியில் சரளைக்கல் நெரிவது கேட்டது.

"இதோ, இப்ப" என்றார் டீச்சர்.

"எங்க?"

"இப்பவும் வருதே அண்ணா. உங்களுக்குக் கேக்கல?"

காது மதில் முடியும்வரை ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. வண்டியை ஷெட்டுக்குள் விட்டு இறங்கினார். "மழை பெஞ்சுதில்ல, பிரேக் டிஸ்க்ல ஈரம் பட்டு லேசா துரு பிடிச்சிருக்கும். ரெண்டு நாள் ஓடினா தானா போயிடும்."

"ஒரு தடவை சக்கரத்தைக் கழட்டிப் பாத்துடுங்களேன்."

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார் டீச்சர். காதுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கழட்டிக் கழட்டிப் பாக்கறது சத்தம் புரியாதவன் செய்யற வேலை டீச்சர். இந்த ஷெட்ல அந்தப் பழக்கம் கிடையாது." டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்த மச்சினன், அதாவது காதின் மனைவியின் தம்பி, "அப்படிப் போடுங்க மாமா!" என்று சிரித்தான்.

டீச்சர் சிரிக்கவில்லை. "மூணு மணிக்கு ஒரு பொண்ணு வருது. இன்னைக்குத்தான் முதல் தடவையா மேம்பாலத்துல ஏத்தி இறக்கணும். அதனாலதான் கேட்டேன். நீங்க சொன்னா சரி."

"தாராளமா போய்ட்டு வாங்க" என்றார் காது.

வீடு ஷெட்டுக்குப் பின்னாலேயே. மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிடப் போனார். கையைக் கழுவிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார், அங்கேயே நின்று குடித்தார். ஃபிரிட்ஜ் போன மாதம் வாங்கியது. உள் அறையிலிருந்து மனைவி கத்தினாள்.

"அந்தக் கதவை மூடித் தொலைங்களேன்! எவ்வளவு நேரமா கத்துது!"

"எது கத்துது?"

"ஃபிரிட்ஜுதான். கதவு திறந்திருந்தா கத்துமே."

"இது கத்தாதே."

மனைவி எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். திறந்த ஃபிரிட்ஜுக்குள் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. காது அதைப் பார்த்தார். கதவை மூடினார். மறுபடி திறந்து காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் விளக்கு மறுபடி மின்ன ஆரம்பித்தது. குனிந்து காதைக் கதவோடு ஒட்டவைத்தார். உள்ளே மோட்டார் உறுமுவது கேட்டது. பாட்டில்கள் லேசாக அதிர்வதுகூடக் கேட்டது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

"இப்ப கத்துதா?"

"கத்துது."

"இப்ப?"

"கத்திட்டே இருக்குங்க. மூடுங்க முதல்ல." மனைவிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா தெரியும். கடிகாரத்துல அலாரம் அடிக்கும், நீங்க பாட்டுக்குத் தூங்குவீங்க. நான் சொன்னேனே. ஊரே என்னைக் காதுன்னு கூப்பிடுது, நீ எனக்கு டாக்டரான்னு எரிஞ்சு விழுந்தீங்க. அப்புறம் நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்?"

சொன்னாள்தான். அவர் எரிந்து விழுந்ததும் நிஜம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். பேரிங் இரைச்சல், இன்ஜின் தட்டல், சைலென்சர் உறுமல், எல்லாம் கனத்த சத்தங்கள். இன்றைக்கும் கேட்கிறது. மெல்லிசாகக் கீச்சிடுகிறது மட்டும் எப்போதோ கழன்று போயிருக்கிறது. போன வருஷம் மருந்துக்கடைக்காரர் இதே மாதிரி ஒரு சத்தம் என்று வந்தார். ஒன்றுமில்லை என்று காது அனுப்பி வைத்தார். பத்தே நாளில் இன்ஜின் பெல்ட் அறுந்து நடுரோட்டில் நின்றது வண்டி. அப்போது பெல்ட் செய்தவனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினார். அதற்கு முன்னால் ஒரு வங்கி கிளார்க். அவர் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

இதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. மனுஷர் பயந்துவிட்டார். பெயர் போய்விடுமே என்ற பயம் முதலில் வந்தது. மேம்பாலம் அதற்கப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இந்த வரிசையை நினைத்து அவருக்கே அவர்மேல் வெறுப்பாக இருந்தது. சாப்பிடாமல் எழுந்து ஷெட்டுக்குப் போனார். மணி மூன்றை நெருங்கியிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் மச்சினனுக்கே உரிய மூளை வேலை செய்தது. "இதையெல்லாம் வெளில சொல்லி வைக்காதீங்க மாமா. பொழப்பு போயிடும். ஆயில் கசியற மாதிரி இருந்துச்சு, கொண்டாங்கன்னு சொல்லுங்க. வந்ததும் நைசா சக்கரத்தைக் கழட்டிடலாம்."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. காது போன் போட்டார்.

"டீச்சர், காலைல பாத்தப்ப லேசா ஆயில் கசிஞ்ச மாதிரி இருந்துது. வண்டியைக் கொஞ்சம் கொண்டு வர்றீங்களா?"

"அப்படியா? சொட்டுதா?"

"சொட்டல. கசிவுதான்."

"அப்ப நாளைக்குக் கொண்டு வரேன் அண்ணா. பொண்ணு வந்துட்டா. பிரேக்ல ஒண்ணும் இல்லைன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே, எனக்கு அந்தக் கவலை விட்டுது. பாலத்துக்குக் கிளம்பிட்டிருக்கோம்."

மச்சினன் சைகையால் வேறு ஏதாவது சொல்லச் சொன்னான். ரேடியேட்டர், பேட்டரி, ஹாரன் என்று காற்றில் கையால் வரைந்தான். காது அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"டீச்சர், போகாதீங்க. எனக்குக் கேக்கல."

"சத்தமா பேசட்டுமா?"

"நீங்க பேசறது கேக்குது. காலைல அந்தச் சத்தம் கேக்கல. ஈரம், துருன்னு நான் சொன்னது பொய். எனக்குக் கேக்கல, அவ்வளவுதான். அந்த மாதிரிச் சத்தமே இப்ப எனக்குக் கேக்கறதில்லை. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் ஒரு பெண் ஏதோ கேட்பதும், டீச்சர் "இரும்மா" என்பதும் காதில் விழுந்தது. பிறகு, "வரேன்" என்றார் டீச்சர்.

"நீங்களே ஓட்டிட்டு வாங்க. மெதுவா. முன்னாடி போற வண்டிக்கு நல்லா இடம் விட்டு வாங்க."

அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு டீச்சர் வந்து சேர்ந்தபோது முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கோபப்பட்டிருந்தால் காதுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வேறு இரண்டு வண்டிக்காரர்கள் ஷெட்டில் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே சொன்னார்: "ஏறுங்க டீச்சர். சத்தம் வரும்போது கையைத் தூக்குங்க. நின்னா இறக்கிடுங்க. வாயால சொல்ல வேணாம்."

மறுபடி மதிலோரம். இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டே போனார். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் பக்கத்து சீட்டில். பத்தடி போவதற்குள் டீச்சரின் கை மெல்ல எழும்பி நின்றது. அவர் பிரேக்கைப் பட்டும் படாமல் தொட்டார். கை இறங்கியது. காலை எடுத்தார். கை எழும்பியது. நாலு தடவை செய்தார், நாலு தடவையும் அதே மாதிரி. அவருக்கு இன்ஜினும் சரளைக்கல்லும்தான் கேட்டன.

"பிரேக்ல கால வெச்சா நிக்குது. விட்டா வருது" என்றார். "முன் சக்கரம். பிரேக் பேட் தேஞ்சு போச்சு."

"என் பக்கத்துலதான் வருது. அதையெல்லாம்தான் அண்ணா எழுதிக் குடுத்தேன்" என்றார் டீச்சர்.

காது ஒரு கையால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். தாள் மடித்தபடியே இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சக்கரத்தைக் கழற்றினார்கள். வெளிப்பக்கத்து பேட் பார்வைக்குப் பரவாயில்லை. உள்பக்கத்தது ஒரு அட்டைக் கனம்தான் மிச்சம். அதன் ஓரத்தில் சின்னதாக வளைந்த ஒரு தகடு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் உரசி, உரசின இடம் பளபளவென்றிருந்தது. காது அதை விரலால் தடவினார். "இதை வெச்சிருக்கறதே கத்தறதுக்குத்தான் டீச்சர். பேட் முடியப் போகுது, மாத்துன்னு கத்தும். இதையும் தாண்டி ஓட்டினா இரும்போட இரும்பு உரசும். அது எனக்கே கேட்டிருக்கும்."

"பாலத்துல என்ன ஆகியிருக்கும்?"

"இன்னைக்கே ஏதாவது ஆகியிருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆகியிருக்காதுன்னும் சொல்ல மாட்டேன். புதுசா ஓட்டற பொண்ணு இறக்கம் முழுக்க பிரேக்லயே காலை வெச்சிட்டு வரும்."

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும் என்று இரண்டு முன் சக்கரத்துக்கும் புது பேட் போட்டார். மாட்டி முடித்ததும் பெடலை நாலைந்து தடவை மிதித்துக் கல்லு மாதிரி ஆகிறதா என்று பார்த்தார். பிறகு டீச்சர் பக்கத்துப் பெடலையும் குனிந்து கையாலேயே அழுத்திப் பார்த்தார். மச்சினன் இப்போது ஜோக்கு எதுவும் அடிக்கவில்லை. காத்திருந்த வண்டிக்காரர்களில் ஒருவர் எப்போதோ கிளம்பிப் போயிருந்தார். காது அதைக் கவனித்தார்.

நாலரை மணிக்கு மூன்றாம் தடவையாக மதிலோரம் போனார்கள். கண்ணாடிகள் இறங்கியிருந்தன. வேகத்தைக் கூட்டினார், குறைத்தார், பிரேக் போட்டார், விட்டார். டீச்சரின் இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன.

"வருதா?"

"இல்லை அண்ணா. சுத்தமா நின்னுடுச்சு."

அவருக்குக் காலையில் எப்படிக் கேட்டதோ அப்படியேதான் இப்போதும் கேட்டது. அதே இன்ஜின், அதே சரளைக்கல். கெட்டுப்போன வண்டிக்கும் சரியான வண்டிக்கும் நடுவில் அவருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தக் கை மட்டும்தான் வித்தியாசம். மதில் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

"திரும்பலாமா?" என்றார் டீச்சர்.

"இன்னொரு தடவை போய்ட்டு வந்துடலாம் டீச்சர்" என்றார் காது. சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.