லாரி என்றால் இரண்டு கார்

சிக்னலோரம் நின்று வண்டி எண்ணுவது அவருடைய உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக எண்ணுகிறார். கையில் அட்டை, அட்டையில் படிவம், படிவத்தில் வண்டிக்கு ஒரு கோடு. சாலைத் துறையில் அவருக்குப் பெயரே ‘கோடு’ தான். “கோடு வந்தாச்சா?” என்பார்கள். அதில் அவமரியாதை இல்லை, மரியாதையும் இல்லை.

ஒரு சிக்னலில் வண்டி சராசரியாக எத்தனை நொடி காத்திருக்கிறது என்பதை அவர் கோடுகளைக் கொண்டுதான் அலுவலகம் கணக்கிடும். சூத்திரத்துக்குக் கார் மட்டுமே தெரியும். ஆகவே லாரி என்றால் இரண்டு கார், பஸ்ஸும் அப்படியே. வரிசையின் கடைசியில் நிற்கும் லாரியால் யாருக்கும் தொந்தரவில்லை. முதலில் நிற்கும் லாரியோ பாரத்தோடு மேட்டில் முக்கி முனகிக் கிளம்புவதற்குள் பாதிப் பச்சை தீர்ந்துவிடும். சூத்திரத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றுதான். இப்படியொரு பாரபட்சமின்மையை நீதிமன்றத்தில்கூடப் பார்க்க முடியாது.

மேட்டு சிக்னலுக்கு வந்த விடை முப்பத்தெட்டு நொடி. அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. எட்டரைக்குள் கைரேகை வைக்க வேண்டும். அவள் போகும் பஸ், ஜல்லி லாரிகள் வரிசைகட்டும் நேரத்தில் அதே சிக்னலுக்கு வரும். முந்தைய பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மாதத்தில் மூன்று முறை தாமதமானால் வேலை போச்சு. இரண்டாம் முறை தாமதமானபோது, “சிக்னல்லயே ஏழு நிமிஷம் நின்னுடுச்சு சார்” என்றாள். மேற்பார்வையாளர் படித்தவர், செல்போனில் அறிக்கையைத் தேடி எடுத்தார்.

“முப்பத்தெட்டு செகண்டுன்னு போட்டிருக்கேம்மா. கீழ கையெழுத்து உங்க வீட்டுக்காரர்தானே?”

அன்று மாலை அவள் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள். “ஒண்ணு நான் பொய் சொல்றேன், இல்ல நீங்க சொல்றீங்க. நல்ல பொருத்தம் பார்த்துக் கட்டிவெச்சாங்க.”

“அது சராசரிடி.”

“அந்தச் சராசரி வண்டி எந்த ரோட்டுல ஓடுதுன்னு சொல்லுங்க, நாளைக்கே ஏறிக்கிறேன்.”

நான்கு காலைகள், எந்த லாரி வரிசையில் எத்தனையாவதாக நின்றது என்று சொந்த நோட்டில் குறித்தார். பொறியாளரிடம் கொண்டுபோய்க் காட்டினார். பொறியாளர் பொறுமையாகப் படித்தார்.

“நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிண்ணே.”

கோடு நிமிர்ந்தார்.

“ஆனா படிவத்துல இதுக்குக் கட்டம் இல்லையே.”

“ஒரு கட்டம் போட்டுக்கலாமே சார்?”

“போட்டா மத்த சிக்னல் கணக்கெல்லாம் தப்புன்னு ஆயிடும். மறுகணக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான்.”

“அவ ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டராவது…”

“நம்ம அறிக்கை தப்புன்னு நாமளே எழுதித் தர்றதா? நல்லா கேட்டீங்க போங்க!” ஆறுதலாக, மேட்டு சிக்னலில் ஒரு நாள் கூடுதலாக எண்ண உத்தரவு தந்தார். அதே படிவத்தில்.

அதே மாதம் ஒரு புதன்கிழமை காலை அங்கே நின்றார். முன்னால் இரண்டு ஜல்லி லாரிகள், அடுத்து மனைவியின் பஸ். பச்சை விழுந்தது. முதல் லாரி புகை கக்கி நகர்ந்தது. இரண்டாவது யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு. அடுத்த பச்சையில் அதன் இன்ஜின் அணைந்தது. மறுபடி சிவப்பு. ஜன்னலோரம் இருந்தவள் முறைக்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தை மட்டும் அவருக்குக் காட்டினாள். எட்டு இருபத்தாறு. மருத்துவமனைக்கு இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

ஒருவழியாக லாரி ஏறிப் போனது. பின்னாலேயே பஸ் அவரைக் கடந்தது. அவர் குனிந்து கனரக வாகனக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். இரண்டு கார்.