இருபத்தைந்தாவது சீட்டு

கதவை இரண்டு தரம் தட்டிவிட்டு பெனிட்டோ ஒரு படி கீழே இறங்கி நின்றுகொள்கிறார். முகத்துக்கு நேரே நின்றால் கட்சிக்காரன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்களாம்.

டோல்கேட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். சங்கத் தேர்தல் வந்தால் அத்தனை வீடும் ஏறி இறங்குவது அவர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கீழே நிற்பவனின் கைஜாடையைப் பார்த்தே காலம் தள்ளியதால், பேசுகிறவரின் வாயை நம்பமாட்டார். கை கதவை விட்டு இறங்கினால் ஓட்டு விழும், கதவிலேயே இருந்தால் விழாது என்பது அவர் கணிப்பு.

இந்த முறை கட்டடத்தையே இடிக்கப் போகிறார்கள். புதிதாகக் கட்டியபின் யாருக்கு வீடு என்று பேச, தேர்ந்தெடுத்த சங்கம் இருந்தால்தான் அதிகாரிகள் காது கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒரு சீட்டு. இருபத்தைந்து சேராவிட்டால் தேர்தலே இல்லை.

முதல் மாடி ஞானசெல்வி மீன் கழுவிய கையைக் கதவில் வைத்தபடியே, "யார் வந்தா இன்னா நைனா, போன தபா நீ சொல்லித்தானே போட்டோம்," என்றாள். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போன தபா, மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வரும் என்று சொல்லித்தான் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார். சங்கம் வந்தது, சுவர் வரவில்லை. மறுவருஷம் மழையில் டேங்க் குழாயைப் பார்க்க ஏறிய மகன் சாவியோ அங்கிருந்துதான் விழுந்தான். பெனிட்டோவின் ஒரே பிள்ளை. காசிமேட்டில் அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அவர் மனைவி ஜானட் வீட்டில் தேர்தல் பேச்சையே எடுக்க விடுவதில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் முற்றத்தில் பெட்டியை வைத்தார். மாலை ஐந்து மணிக்கு இருபத்துநாலு. நடத்துகிறவர் ஓட்டுப் போடக்கூடாது என்பது அவரே எழுதிய விதி. அவர் வீட்டுச் சீட்டு ஜானட்டுக்கு உரியது. நாற்பத்தேழு வீட்டில் கெஞ்சியவர் அந்த ஒரு வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பெட்டியை மூடப்போகும்போது ஜானட் படியிறங்கி வந்தாள். யாரையும் பார்க்காமல் சீட்டை வாங்கினாள். "உனக்கோசரம் இல்ல," என்றாள். எழுதி, மடித்துப் போட்டுவிட்டுப் பெட்டி பக்கத்திலேயே நின்றாள்.

ஒவ்வொரு சீட்டையும் பிரித்து உரக்கப் படித்து, கரும்பலகையில் பெயருக்குக் கீழே ஒரு கோடு போடுவது பெனிட்டோவின் முறை. போட்டியிட்டவர்கள் மஜீது, வேம்பு இருவர்தான். மஜீது, வேம்பு, வேம்பு என்று குரல் தடங்கலில்லாமல் ஓடியது. பெட்டியைக் கவிழ்த்ததில் அடியில் போய்விட்ட கடைசிச் சீட்டைப் பிரித்ததும் குரல் நின்றுவிட்டது.

மஜீது எட்டிப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "செல்லாததுன்னு தனியா வச்சுடு மாமு," என்றார். "இருபத்தஞ்சுல சேந்துரும். அது போதும்."

"சாவியோ," என்று பெனிட்டோ மற்றப் பெயர்களைப் படித்த அதே குரலில் படித்தார். பிறகு சாக்பீஸை எடுத்து, இரண்டு பெயர்களுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக அதை எழுதி, கீழே ஒரு கோடு போட்டார்.