தானாக ஓடிய மோட்டார்

மலர், தேவி, 2014 கோடையில் ஒருநாள் காலை எட்டு மணிக்குக் காடாம்புலியூரில் பஸ் ஏறினேன். டிக்கெட் பத்து ரூபாய். அரைமணியில் நெய்வேலி ஆர்ச் கேட். சுரங்கத்தைச் சுற்றிக் காட்ட உங்கள் அம்மாவின் தம்பி செல்வம் மாமா பைக்கோடு நின்றிருந்தார். சுரங்கத்தில் அவருக்குக் கான்ட்ராக்ட் வேலை. அன்று இரண்டாவது ஷிஃப்ட், மதியம்தான் வேலை.

பத்து மணிக்குச் சுரங்க விளிம்பில் நின்றோம். நம் ஊரையே உள்ளே இறக்கிவிடலாம், அவ்வளவு பள்ளம். அடியில் ராட்சத இயந்திரம் வெட்டிப் போட, பழுப்பு நிலக்கரி பெல்ட்டில் ஏறி வந்தது.

"கீழ கொட்டுறத வாரி மறுபடி பெல்ட்ல போடறதுதான் மாமா என் வேலை. இப்ப வந்த புது பெல்ட்டு, கரி இல்லன்னா தானா நின்னுடும். சும்மா ஓடி கரண்ட்டத் திங்காது."

நான் விடவில்லை. "நானும் வயல் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்விட்ச் மாட்டிட்டேன். கரண்ட்டு வந்தா தானா ஓடும். நான் போகவே வேணாம்."

"தானா நிக்குமா?"

"நிக்கலன்னா என்ன? விவசாயத்துக்குக் கரண்ட்டு சும்மாதானே."

"உங்களுக்குத்தான் மாமா சும்மா."

பதினொரு மணிக்கு உங்கள் அம்மா போன் செய்தாள். "மோட்டார் ஓடிக்கினே இருக்குதுங்க. வாய்க்கா ஒடஞ்சி பக்கத்து வசந்தா அக்கா களத்துல தண்ணி பூந்துடுச்சி. காயப்போட்ட முந்திரிக்கொட்ட பூரா நனையுது. நாளைக்கு யாவாரி வராரு. ஷெட்டு சாவி எங்க?"

செம்புக் கம்பி திருட்டுக்குப் பயந்து பூட்டிய மோட்டார் ஷெட்டின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"பூட்ட ஒடைச்சிடு."

"கல்லால அடிச்சிப் பாத்தாச்சி. வரல."

செல்வம் மாமா பைக்கை உதைத்துக் கிளப்பி என்னை ஊரில் கொண்டுவந்து சேர்த்தார். களத்தில் வசந்தா அக்கா ஈரக்கொட்டையைச் சேலையில் வாரிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. நெய்வேலில கரண்ட்டு பத்தலியாம், மோட்டார நிறுத்தச் சொல்லி அனுப்பினாங்களா?"

நீங்கள் இருவரும் சாப்பாட்டுத் தட்டால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். பாவாடையெல்லாம் சேறு. தேவி ஓடிவந்து, "அப்பா, அங்க மெஷின் பெருசா?" என்று கேட்டாள். நான் ஷெட்டைத் திறக்கப் போனேன்.

மறுநாள் வியாபாரி கொட்டையைக் கையில் குலுக்கிப் பார்த்துப் பாதி மூட்டைகளை ஒதுக்கிவிட்டுப் போனார். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த ஸ்விட்சைக் கழற்றிவிட்டேன். இப்போதெல்லாம் நடந்து போய்த்தான் மோட்டாரைப் போடுகிறேன், அணைக்கிறேன்.

மெஷின் பெரிதுதான் தேவி. அதன் எதிரே நின்று நான் பெருமை பேசிய நேரத்தில், நீ தட்டில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாய்.