அவர் வாசிக்காமல் விட்ட இடம்

முத்தையாபுரம் கோயில் பஜனையில் என் மனைவி பாடுவாள், நான் டோலக் வாசிப்பேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற கை என்பதால் அடி கொஞ்சம் பலமாகவே விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை, கச்சேரிகளுக்கு வாசிக்கிற மிருதங்கக்காரர் ஒருவர் எங்களோடு வந்து உட்கார்ந்தார்; நான் டோலக்கை ஓரமாக வைத்தேன். பக்கத்துத் தெருவுக்கு விருந்தாளியாக வந்தவர், ஒல்லியான மனிதர். நாதம் கனக்க, மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து ஒட்டினார். வாசிக்கும்போது மிருதங்கத்தைப் பார்க்கவே இல்லை. என் மனைவியின் முகத்தையே பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு வரியில் மட்டும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பஜனை முடிந்ததும் கூச்சத்தை விட்டுக் கேட்டேன்: “நடுவுல மறந்துட்டியளோ?”

“இல்ல அண்ணாச்சி. அங்கன அவுக குரல் கீழ இறங்குது. நாம அடிச்சா கேக்காதுல்லா” என்று சிரித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி சொன்னாள்: “இன்னைக்குத்தான் நான் பாடுனது எனக்கே கேட்டுது.” இத்தனை வருஷமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன் நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே வரியில் நானும் கையை எடுத்தேன். அவள் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“என்ன, தூங்கிட்டியளா?”

கூட்டமே சிரித்தது. அந்த மனிதர் கையை எடுத்தபோது மட்டும் ஏன் என்னைத் தவிர ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன்.