கூரைக்கு முட்டு, கீழே கல்யாணம்

திருமணப் பதிவு அலுவலகத்தில் வேலை என்றால் சந்தோஷமான வேலை என்று நினைப்பார்கள். வருகிறவர்கள் சந்தோஷமாகத்தான் வருகிறார்கள், கட்டடம்தான் ஒத்துழைப்பதில்லை. எங்கள் அலுவலகம் புதுச்சேரிக் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, பிரெஞ்சுக்காரர்கள் காலத்து மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. நான் அங்கே எழுத்தர். அரசாங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கும், அங்கே வரிசையில் நின்றவர்களுக்கும் நான் சொல்வது சட்டென்று புரியும். நாமெல்லாம் ஒரே கூரையின் கீழ் நனைந்தவர்கள்தானே.

முதலில் விழுந்தது

நெல்லித்தோப்புப் பையன், வில்லியனூர்ப் பெண். காதல் கல்யாணம். பெண்ணின் அப்பா வெகுகாலம் முரண்டு பிடித்து, கடைசியில் மனசு மாறி, சாட்சிக் கையெழுத்துப் போடவே வந்திருந்தார். மேல்மாடி ஹாலில் வைத்துத்தான் அப்போதெல்லாம் பதிவு. பெண் பேனாவைக் கையில் எடுத்தாள். மேலே உத்தரத்தை ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பூச்சு ஒரு தாம்பாளம் அகலத்துக்குப் பெயர்ந்து, என் நாற்காலிக்குப் பின்னால் விழுந்தது.

யாருக்கும் அடியில்லை. ஆனால் ஹால் முழுக்க வெள்ளைப் புழுதி. பெண்ணின் கூந்தலில் இருந்த மல்லிகை எது, சுண்ணாம்பு எது என்று தெரியவில்லை. எல்லாரையும் கீழே அனுப்பினேன். அப்பா மட்டும் படியில் நின்று, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டே மேலே பார்த்தார். "நானே ஒத்துக்கினேன், இந்தக் கட்டடத்துக்கு என்னா வந்துச்சு?"

ஸ்க்ரூ டிரைவர்

மேல்மாடியைப் பூட்டிவிட்டோம். மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டுப் பதிவு நடந்தது. தம்பதிகள் போட்டோ எடுத்தால் பின்னணியில் மின்சார மீட்டர் விழும்.

பொதுப்பணித் துறையிலிருந்து இளநிலைப் பொறியாளர் வந்தார். இளவரசி என்று பெயர். கதிர்காமத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஏணி போட்டு ஏறி, தேக்கு உத்தரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் கைப்பிடி வரை உள்ளே போயிற்று. உள்ளே முழுக்கக் கரையான். அன்று சாயங்காலத்துக்குள் இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்து கூரைக்கு முட்டு கொடுத்துவிட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. "எப்போ முடியும்? வர்றவங்களுக்கு நாங்க என்னா பதில் சொல்றது?" என்று குரலை உயர்த்தினேன். அவர் கோபப்படவில்லை. தலையில் இருந்த புழுதியோடு உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "மேடம், கூரைக்கு முட்டு குடுத்துட்டேன். ஃபைலுக்கு எங்க முட்டு குடுக்கறதுன்னுதான் தெரியல."

எல்லாரும் சொன்னது நியாயம்

முதலில் கான்கிரீட் கூரைக்கு மதிப்பீடு போனது. பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கிற குழு, "பழையபடி மர உத்தரம், செங்கல், சுண்ணாம்புதான் போட வேண்டும்" என்று திருப்பி அனுப்பியது. நியாயம்தான். இளவரசி மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் புது மதிப்பீடு போட்டார். "கான்கிரீட் மலிவாக இருக்கும்போது இது எதற்கு?" என்று நிதித் துறை கேட்டது. அதுவும் நியாயம்தான். பிறகு, இந்தக் கட்டடம் எந்தத் துறைக்குச் சொந்தம் என்று ஒருவர் சந்தேகம் எழுப்பினார். அதைத் தீர்ப்பதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்துவிட்டது. கடைசியில் டெண்டர் விட்டார்கள். ஒருவரும் வரவில்லை. சுண்ணாம்பு வேலைக்கு ஆள் பிடிக்க யாருக்கும் தெம்பில்லை.

இதில் பெரிய கஷ்டம் என்னவென்றால், திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. இளவரசி மதியம் எங்களோடு படிக்குக் கீழே உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். இந்தக் கதையையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அலுவலக உதவியாளர் தேவராஜ் மோர் மிளகாயைக் கடித்தபடி சொன்னார்: "கட்டும்போது இவ்ளோ பேரக் கேட்டிருந்தா, இந்த எடம் இன்னும் மணலாத்தான் கெடக்கும்."

பூட்டிய ஹாலுக்கு வந்தவர்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் ஊர்க்காரர் ஒருவர், மகள் கல்யாணத்தைப் பதிய பிரான்சிலிருந்து வந்தார். அவரும் அவர் மனைவியும் கையெழுத்துப் போட்டது எங்கள் மேல்மாடி ஹாலில்தானாம். மனைவி இப்போது இல்லை. மகளும் அதே இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆசை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த பழைய போட்டோவை எடுத்துக் காட்டினார்.

"முடியாதுங்க முசே, மேல ஆபத்து" என்றேன். பிரான்சிலிருந்து வருகிறவர்களை மரியாதைக்கு 'சார்' என்பதற்குப் பதில் முசே என்றுதான் கூப்பிடுவோம். அவர் வற்புறுத்தவில்லை. வாசல்படி வரையாவது போய்ப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். அதற்கும் அனுமதி இல்லைதான். நான் சாவியை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். கதவைத் திறந்ததும் அவர் உள்ளே கால் வைக்காமல் நின்றார். இரும்புக் குழாய்களுக்கு நடுவே, ஜன்னல் பக்கம் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சிடுங்க" என்றேன், கட்டடத்தின் சார்பில்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பரவால்ல மதாம். நாங்க இருக்கற ஊர்ல ஆபீஸ் லிஃப்ட்டு வருஷக்கணக்கா ஓடல. 'பார்தோன்'னு மன்னிப்பு கேட்டுட்டு அவங்களும் அப்படியேதான் வெச்சிருக்காங்க."

மழையும் மெமோவும்

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. கூரை வழியே ஊற்றிய தண்ணீர் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டது. விடுமுறை நாள். இளவரசி ஸ்கூட்டியில் தார்பாயைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நானும் தேவராஜும் பீரோக்களை நகர்த்த, அவர் மேலே ஏறி முட்டுகளை ஒவ்வொன்றாய் இறுக்கினார். இறங்கி வந்தவர் முகம் சரியில்லை. கேட்டதற்கு செல்போனைக் காட்டினார். வேலை தாமதமானதற்கு அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்திருந்தது. யார் நாயாய் அலைந்தாரோ அவரிடமே.

மறுநாள் எங்கள் கண்காணிப்பாளரிடம் போய், "இந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் எழுத்துல எச்சரிச்சிருக்கு, அத நாம எழுதிக் குடுக்கணும் சார்" என்றேன். அடுத்த துறைச் சண்டை நமக்கெதற்கு என்று அவர் தயங்கினார். நான் நகரவில்லை. மேலே சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மெமோவைக் கைவிட்டார்கள்.

அதைச் சொல்ல வந்த அன்றுதான் இளவரசி முதல்முறையாக என்னை அக்கா என்று கூப்பிட்டார். "அக்கா, வீட்ல எனக்கு மாப்ள பாக்கறாங்க. என்னா வேலன்னு கேட்டா, மழ வந்தா ஓடற வேலன்னு சொல்லட்டுமா?"

கடைசிச் சாட்சி

ஒரு வழியாக ஒப்பந்தக்காரர் ஒருவர் முன்வந்தார். நிதியும் வந்தது. அதே வாரம் இளவரசிக்குக் காரைக்காலுக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. புதிதாக வந்தவர் வேலையைத் தொடங்கினார், நல்ல மனிதர்தான். புது உத்தரம் ஏறி, சுண்ணாம்பு காய்ந்து, ஹால் திறந்தபோது நான் இளவரசிக்குப் போன் செய்தேன். லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

அன்று முதல் பதிவு. சாட்சிக்கு வரவேண்டிய நண்பர் காலாப்பட்டில் பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டார். மணப்பெண் தவித்துப்போய், ஓரமாக நின்றிருந்த இளவரசியிடம் கேட்க, அவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எல்லாரையும் நிற்க வைத்துப் போட்டோ. திரும்பத் திரும்ப எடுத்தும் சரியாக வரவில்லை. இளவரசி யாரென்று தெரியாத மாப்பிள்ளை, பொறுமையாகத்தான் சொன்னார்: "மேடம், மேலயே பாத்துனு இருக்கீங்களே, கொஞ்சம் கேமராவப் பாருங்க."

அரசாங்கக் கட்டடம் என்றைக்கும் பழுது பார்க்கப்படாமலே போய்விடுவதில்லை. அதற்காக அலைந்தவர் மட்டும் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பார்.